மொட்டைக் கார்

காரைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் இல்லை. முதலிலேயே அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். கார் ஓட்டத் தெரியாது, சைக்கிள்கூட ஓட்டியதில்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே எனக்கு நேரம் பிடிக்கும். பழைய கார்களைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் எழுதியதை என் மகள் போனில் காட்டியிருக்கிறாள். அவற்றில் எஞ்சின் பற்றி இருக்கும், எந்த வருடம் செய்தது, எத்தனை செய்தார்கள் என்றெல்லாம் இருக்கும். என்னிடம் அந்த விவரங்கள் இல்லை. எங்கள் காரின் இடது பக்க இருக்கையில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அங்கிருந்து தெரிந்ததை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குன்னூர் பஜாரில் என் வீட்டுக்காரருக்கு இரும்புக்கடை இருந்தது. ஆணி, தகரம், குழாய், பெயிண்ட் எல்லாம் விற்றோம். கல்யாணமான புதிதில் ஒரு நாள் கோத்தகிரிப் பக்கம் ஒரு பங்களாவுக்குக் கூரைத் தகரம் இறக்கப் போனார். அந்த வாரம் எங்களுக்கு ஃபிரிட்ஜ் வாங்குவதாக இருந்தது. அன்று சாயங்காலம் தகர லாரி திரும்பி வந்தபோது, அதன் பின்னால் கயிறு கட்டி ஒரு காரை இழுத்து வந்தார்கள். பங்களாவிலிருந்த வயதான அம்மா வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு போகிறாராம். அவருடைய கணவர் ஓட்டிய கார், அவர் காலமான பிறகு கொட்டகையில் சாக்குக்கு அடியில் கிடந்ததாம். இருக்கையில் கோழி முட்டையிட்டிருந்தது.

பக்கத்துச் சாக்குக்கடைக்காரர் வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க, இத்தன தகரம் விக்கறீங்க. கூரையில்லாத காரா பாத்து வாங்கியாருவீங்க?"

அன்றிலிருந்து பஜாரில் அதற்கு மொட்டைக் கார் என்று பெயர்.

இங்கிலாந்தில் செய்த கார் அது. சிவப்பு என்று நிச்சயமாகச் சொல்ல முடியாத ஒரு சிவப்பு. இரண்டே இருக்கை. கதவு என் இடுப்பு உயரம்கூட வராது. எஞ்சினை மூடும் தகட்டின் மேல் குறுக்காக ஒரு தோல் வார், இடுப்புக்குப் போடும் பெல்ட் போலக் கொக்கியோடு இருக்கும். சக்கரங்களில் சைக்கிளுக்கு இருப்பது போலக் கம்பிகள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மரப்பலகையில் வட்ட வட்டமாகக் கண்ணாடி போட்ட மீட்டர்கள் பதித்திருந்தன. வேகத்தை மைலில் காட்டும். எழுதியிருந்த எண்களில் பாதியைக்கூட நாங்கள் தொட்டதில்லை. துணிக்கூரை ஒன்றும் உண்டு. அதை விரித்து எல்லாப் பித்தானையும் மாட்டி முடிப்பதற்குள் மழை நின்றுவிடும்.

இரண்டு வருடத்துக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைகளை அதிலேயே செலவழித்து அவர் காரை ஓட வைத்தார். ஆனால் அதிலிருந்த எதையும் மாற்ற விடமாட்டார். செய்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். பட்டறைக்காரர் ஒருவர் பலமுறை சொன்னார்.

"பிரேக்கு சரியில்லீங்க. ஜீப்பு பிரேக்கைத் தூக்கிப் போட்டுரலாமுங்க."

"போட்டா அது ஜீப்பாயிருமல்ல?" என்பார் இவர்.

அதனால் அந்தக் காரில் எனக்கு வேலை வந்தது. காலால் பிரேக்கை மிதித்தால் கார் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிற்கும். நம் மலைப்பாதையில் அதற்கு நேரமில்லை. இரண்டு இருக்கைக்கும் நடுவில் கைப்பிரேக் இருந்தது, நீளமான இரும்புத் தண்டு. அவர் இடது கை கியரில் இருக்கும், வலது கை ஸ்டியரிங்கில் இருக்கும். கைப்பிரேக் என் வலது கைக்கு வந்தது. கொண்டை ஊசி வளைவு வருவதற்கு முன்னால் "புடி" என்பார். பிடிப்பேன். "உடு" என்பார். விடுவேன். சில வருடங்களில் அவர் சொல்வது நின்றுபோனது. எஞ்சின் சத்தம் மாறும்போதே என் கை போய்விடும்.

இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் கை காட்டுவதும் நான்தான். அந்தக் காலத்துக் காரில் திரும்புவதற்கு விளக்கு கிடையாது. ஒருமுறை குன்னூரிலேயே பெட்போர்டு பக்கம் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார்.

"இண்டிகேட்டர் எங்கீங்க?"

"பக்கத்துல உக்காந்திருக்குதுங்க" என்றார் இவர்.

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் மடியைப் பார்த்துக்கொண்டேன். சிரித்துவிட்டுப் போகச் சொன்னார்.

எனக்கு இயல்பாகவே கூச்சம் அதிகம். திறந்த காரில் பஜார் நடுவே போவது முதல் வருடம் முழுக்கத் தண்டனையாக இருந்தது. தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு முழங்காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். தோட்டத்துச் சாலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் கைதட்டுவார்கள். "அக்கா, மூணாவது ஆளு வந்தா எங்கக்கா உக்கார வைப்பீங்க?" என்று ஒருத்தி கத்துவாள். மகள் பிறந்த பிறகு அவளை மடியில் வைத்துக்கொண்டு போனோம். அவளுக்கு ஏழெட்டு வயதானதும் மடியும் போதவில்லை. அதன் பிறகு அவள் காருக்குப் பக்கத்தில் வருவதில்லை. "எனக்கு எடமில்லாத காரு" என்பாள். விளையாட்டாகத்தான் சொன்னாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஆனால் எனக்கு அந்தக் காரை மிகவும் பிடித்துப்போனது. எப்போது என்று தெரியவில்லை. மூடிய காரில் போனால் ஊர் தெரியும், வாசம் தெரியாது. ஞாயிறு காலையில் கேத்தி பக்கமாகப் போகும்போது முதலில் ஃபேக்டரியில் தேயிலை வறுபடும் வாசம் வரும். அது முடிந்ததும் நனைந்த கற்பூர மரம், அதற்கப்புறம் கேரட் பிடுங்கிய ஈர மண். பள்ளத்தில் இறங்கும்போது காற்று சட்டென்று குளிர்ந்து காது வலிக்கும். மேடேறினால் வெயில் நேராக மடியில் விழும். ஒரு டீக்கடையில் நிறுத்தி, இறங்காமலே வர்க்கி பிஸ்கட்டும் டீயும் வாங்கிக்கொள்வோம். கதவு தாழ்வாக இருப்பதால் கடைக்காரர் குனிந்து கொடுப்பார்.

ஒருமுறை வளைவில் காட்டெருமை நின்றது. இவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். அது மெதுவாக வந்து சூடான தகட்டை முகர்ந்து பார்த்து, என் முகத்துக்கு நேராக ஒரு மூச்சு விட்டது. கூரையோ கண்ணாடியோ எதுவும் நடுவில் இல்லை. "அசையாத அம்முணி" என்றார் இவர், உதடு அசையாமல். அது போன பிறகு அவர் கை நடுங்கியது, எனக்கு நடுங்கவில்லை. அதை வைத்து அவரை நிறைய நாள் கேலி செய்தேன். நான் கேலி செய்த ஒரே ஆள் அவர்தான்.

மழைக்காலத்தில் காரை எடுக்க மாட்டோம். ஈரத்தில் தோல் இருக்கை பூஞ்சை பிடித்துவிடும், மரம் உப்பிவிடும். எஞ்சினுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு மூடி வைப்போம். மழை நாட்களில் கொட்டகையைக் கடக்கும்போது தகட்டின் ஓட்டைகள் வழியாக மஞ்சள் வெளிச்சம் தெரியும். உள்ளே யாரோ குடியிருப்பது போல இருக்கும்.

போன வருடம் மழை ஓயும் சமயத்தில் கடையில் தராசின் முன்னால் நின்றபடியே அவர் சரிந்தார். பக்கவாதம் என்றார்கள். கோயம்புத்தூரில் வைத்துப் பார்த்தோம். பேச்சு திரும்பி வந்தது, கொஞ்சம் தடித்த மாதிரி. இடது கை வரவில்லை. இடது கால் பாதி வந்தது. இழுத்து இழுத்து நடந்தார்.

எங்கள் வீடு சாலைக்குக் கீழே இருக்கிறது. படிகளில் இறங்கித்தான் போக வேண்டும். குன்னூரில் பாதி வீடுகள் அப்படித்தான். கார்க் கொட்டகை மேலே சாலையோரத்தில் இருந்தது. அந்தப் படிகளில் அவரை ஏற்றி இறக்குவதற்குள் எனக்கு மூச்சு நின்றுவிடும். குளிரில் அவர் கை இன்னும் விறைத்துக்கொண்டது. மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். கீழ்த்தளத்து வீடு, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. வந்துவிடுங்கள் என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். அங்கே கார் நிறுத்த இடமில்லை. இருந்தாலும் அந்த பிரேக்கை வைத்துக்கொண்டு யார் மலையிறக்குவது?

கார் வாங்க ஒரு இளைஞர் வந்தார். கோயம்புத்தூரில் பழைய கார்களைப் பத்திரமாக வைத்திருப்பவர். நல்ல மாதிரி. வெள்ளைச் சட்டையோடு ஈரத் தரையில் படுத்து அடியில் பார்த்தார். எழுந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"ஆன்ட்டி, ஒரு வாஷர்கூட மாத்தல. எல்லாம் அப்பிடியே இருக்கு. இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல."

இவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னார். அத்தனை மாதத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கடைசியில் அந்தத் தம்பி, "எப்ப எடுத்துக்கலாங்க சார்?" என்று கேட்டபோது, "சொல்லியுடறனுங்க" என்று நிறுத்திக்கொண்டார்.

அந்தத் தம்பி போன பிறகு இவர் என்னிடம் சொன்னார்.

"அம்முணி, நான் அத ஒருக்கா ஓட்டிப் பாக்கோணும்."

"எதுக்குங்க இப்ப?"

"ஓட்ட முடிஞ்சுதுன்னா எதுக்குக் கீழ கோயமுத்தூருக்குப் போகோணும்? காரு ஓட்டறவன் படி ஏற மாட்டானா? கடையில உக்கார மாட்டானா? முடியலீன்னா அந்தத் தம்பிக்குக் குடுத்துரலாம். புள்ள சொல்ற எடத்துக்குப் பேசாம வந்தர்றன்."

"கை வரலீங்களே. கியரு எப்பிடிப் போடுவீங்க?"

"கியரு நீ போடு."

போனில் பேச்சோடு பேச்சாக இவர் மகளிடம் இதைச் சொல்லிவிட்டார், அவள் என்னிடம் கேட்டாள். "அம்மா, அப்பா ஏதோ காரு ஓட்டறேங்கறாரு. ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்க மாதிரி எதுவும் பண்ணி வெக்காதீங்க" என்றாள். நான் சரி என்றேன். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கும் கோயம்புத்தூர் போக விருப்பமில்லை. புது ஊரில் புது ஆட்களிடம் நான் என்ன பேசுவேன்? குன்னூரில் நான் பேசாமலே என்னைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கறிகாய்க் கடையில் நான் போய் நின்றால் போதும், வேண்டியதை எடுத்துப் போடுவார்கள். அவர் காரை ஓட்டிவிட வேண்டும் என்று அவரைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

கொட்டகைக்குள் எஞ்சினைப் போடாமல் பழகினோம். அவர் இடது காலால் கிளச்சை மிதித்து "ஒண்ணு" என்பார். நான் வலது கையால் கியர்த் தண்டைத் தள்ளுவேன். "ரெண்டு" என்பார். இழுப்பேன். கால் ஒத்துழைத்தது. நின்ற காரில் எல்லாம் சுலபமாகவே இருந்தது.

கொட்டகைக்கு எதிரே ஒரு எஸ்டேட் சாலை பிரிகிறது. கேட்டைத் தாண்டினால் ஃபேக்டரி வரைக்கும் வேறு வண்டி அதிகம் வராது. கொட்டகை கட்டிய நாளிலிருந்து எங்களை அதில் விடுவார்கள். மகள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து ஒரு நாள் காலையில் கிளம்பினோம். வெயில் நன்றாக இருந்தது. அவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார்.

சோக்கை இழுத்து, ஸ்டார்ட்டரை இழுத்தார். இருமிவிட்டு எஞ்சின் பிடித்தது. "ஒண்ணு" என்றார். தள்ளினேன். கார் நகர்ந்தது. கேட்டைத் தாண்டியதும் "ரெண்டு" என்றார். சத்தமே இல்லாமல் விழுந்தது.

"பரவால்லியே. லைசென்சு எடுத்துரலாமாட்ட இருக்குது" என்றார்.

அந்த இடத்தில் சாலை கொஞ்ச தூரம் சமமாகப் போகும். இரண்டு பக்கமும் தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள். அவர் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முன்பு போலவே தலையைச் சற்றுச் சாய்த்து எஞ்சினைக் கேட்டார். அந்த முகத்தை நான் திரும்பக் கண்டேன். நாங்கள் இங்கேயே இருந்துவிடுவோம் என்று அப்போது நிச்சயமாக நம்பினேன். படியோரமாகக் குழாயில் கைப்பிடி போட்டுவிடலாம், கடையில் சாய்வு நாற்காலி வைத்துவிடலாம், மகளிடம் எப்படிச் சொல்வது என்பது வரைக்கும் மனசுக்குள் பேசி முடித்துவிட்டேன்.

ஃபேக்டரிக்குக் கொஞ்சம் முன்னால் சாலை வளைந்து ஏறுகிறது. ஏற்றம் பெரிதில்லை. எஞ்சின் திணறியது. "ஒண்ணு போடு" என்றார். தள்ளினேன். பற்கள் உரசிக் கத்தின. விழவில்லை. "மறுக்கா" என்றார். தள்ளினேன். எஞ்சின் அணைந்துவிட்டது. அப்போதுதான் கார் பின்னால் உருளத் தொடங்கியது.

என் பக்கத்தில் சாலை ஓரம் அப்படியே தேயிலைக்குள் சரிகிறது. அவர் "புடி" என்று சொல்லவில்லை. கியரை விட்டுவிட்டு இரும்புத் தண்டை இழுத்துப் பிடித்தேன். நின்றது. மேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்ல, மேட்டுல எடுத்தரலாம்" என்றார்.

மறுபடி எஞ்சினைப் போட்டார். கிளச்சை மெதுவாக விட வேண்டும். விடும்போது கால் துள்ளி விலகியது. கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. இன்னொரு தடவை. அதே மாதிரி. பேண்ட்டுக்குள் அவர் இடது தொடை தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் கால் தரையை விட்டு எழும்பவே இல்லை.

"அம்முணி, என்ற காலைத் தூக்கி கிளச்சு மேல வையி."

"கையை எடுத்தா வண்டி போயிருமுங்க."

"இன்னொரு கையில வையி."

வலது கையால் பிரேக்கைப் பிடித்தபடி, குனிந்து இடது கையை நீட்டி அவர் செருப்புக் காலைத் தூக்கினேன். கனமாக இருந்தது. கிளச்சின் மேல் வைத்தேன். கையை எடுத்ததும் நழுவி விழுந்தது. திரும்ப வைத்தேன். விழுந்தது. மூன்றாவது முறை நான் தூக்கும்போது அவர் என் முதுகில் கை வைத்தார்.

"போதும்."

நிமிர்ந்து பார்த்தேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் இல்லை. தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவர் நிற்பது போல உட்கார்ந்திருந்தார்.

பெண்கள் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவளை எனக்குப் பல வருடமாகத் தெரியும். எங்களைக் கேலி செய்பவர்களில் முக்கியமானவள்.

"என்னங்கய்யா, மொட்டக் காருக்கு மூச்சு வாங்குதுங்களா?" என்று கேட்டபடியே வந்தாள். கிட்டே வந்து அவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கல்லெடுத்தாங்கடி" என்றாள் மற்றவர்களிடம்.

பின்சக்கரங்களுக்கு அடியில் கல் வைத்தார்கள். "இப்ப உடுங்கக்கா" என்றாள். விட முடியவில்லை. விரல்கள் மடங்கியபடி இறுகியிருந்தன. அவள்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள். பிறகு என் உள்ளங்கையைத் தன் சேலைத் தலைப்பில் வைத்துத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

ஃபேக்டரியிலிருந்து டிராக்டர் வந்தது. மேட்டில் இழுத்து, ஃபேக்டரி முற்றத்தில் திருப்பி, இறக்கத்தில் கார் ஓடிவிடாதபடி டிராக்டரைப் பின்னால் நிறுத்தி, கயிற்றைக் காரின் பின்பக்கம் கட்டிக்கொண்டார்கள். டிராக்டர் டிரைவர், "சார் இறங்கிக்குங்க, நம்ம ஆளு யாராச்சும் ஸ்டியரிங் புடிக்கட்டும்" என்றார். இவர் இறங்கவில்லை. "நானே புடிக்கறன்" என்றார். எஞ்சின் ஓடாத காரில், சாலையின் போக்குக்கு ஸ்டியரிங்கைத் திருப்பியபடி வந்தார். டிராக்டர் நீளக் கயிற்றில் பின்னால் தள்ளி வந்தது, எங்கள் காரில் சத்தமே இல்லை. அந்தக் காரில் அவ்வளவு அமைதியாக நாங்கள் போனதில்லை. தேயிலைச் செடிகளுக்குள் குருவிகள் கத்துவதுகூடக் கேட்டது.

படியிறங்கி வீட்டுக்கு வர வெகுநேரமானது. பாதியில் இரண்டு முறை உட்கார்ந்தோம். சாப்பிடக் கூப்பிட்டேன். கை அலம்பிவிட்டு வந்து முழுதும் சாப்பிட்டார். வேலை முடிந்து மகள் கூப்பிட்டபோது போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"அந்தத் தம்பிய வந்து எடுத்துக்கச் சொல்லீரு."

"என்னாச்சுப்பா? ஓட்டுனீங்களா?"

"ஒண்ணும் ஆகல."

அவள் எதிர்முனையில் ஏதோ சொன்னாள். திட்டினாள் என்று முதலில் நினைத்தேன். இல்லை, அழுகிறாள் என்பது இவர் முகத்தில் தெரிந்தது.

"அட, எதுக்கு இப்ப? நாங்க வர்றம். உங்கூட்டுல ஃபேனு நல்லாச் சுத்துமல்ல? எனக்கு அந்த வெக்கை ஆகாது" என்றார். தனக்கு இடமில்லாத காரைப் பற்றி அவள் ஏதோ சொன்னாள் போல. "ஆமா. எங்க ரெண்டு பேருக்கும் எடமிருக்குதான்னு நாந்தான் கேக்கோணும்" என்றார்.

போனை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. வெளியாட்களிடம்தான் எனக்குப் பேச்சு வராது, இவரிடம் எப்போதும் வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. அவர் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நான் பிடித்திருப்பது அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் லாரி வந்து காரை ஏற்றிக்கொண்டு போனது. இவருக்கு லேசாகக் காய்ச்சல் இருந்ததால் படியேறி வரவில்லை. மத்தியானம் ரசஞ்சாதம் கொடுத்தேன். சாயங்காலம் மகள் அட்டைப்பெட்டிகள் எடுத்துக்கொண்டு வந்தாள். பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தோம்.